பத்து டாலர் கோடு

சனிக்கிழமை, கிராண்ட் ஐலண்ட் கடைத்தெரு.
ஐந்தாவது கையுறைக்குள் கை நுழைக்கிறாள் ட்விலா.
சாஃப்ட்பாலை இடக்கையால் எறிபவள்;
வலக்கைக்கு மாட்டுபவை கடைசி அடுக்கில்
மொத்தமே ஆறு.

முதலாவது பஞ்சுபோல் மடங்கியது.
"இன்றைக்கே ஆடலாம்" என்றான் கடைப்பையன்.
"ஆகஸ்டில்?" என்றாள்.
அவன் விலைச்சீட்டைப் பார்த்தான்.

வாரத்தில் ஐந்து இரவு
இறைச்சி ஆலையில் தோலுரிக்கும் வரிசை அவளுக்கு.
எங்கே தடிப்பு, எங்கே தொய்வு,
வயிற்றுத் தோல் எது, முதுகுத் தோல் எது,
விரல்நுனி சொல்லிவிடும்.
வலது மோதிர விரல் மட்டும் பேசாது.
மூன்று வருடம் முன்பு சங்கிலி மடக்கியது;
இன்னும் நிமிரவில்லை.

ஐந்தாவதில் அந்த விரலுக்கு இடமிருக்கிறது.
வார்களை இழுத்துப் பார்க்கிறாள். முறைக்கின்றன.
உள்ளங்கையில் வெளிறிய ஒரு கோடு.

"அது பழுது. பத்து டாலர் குறைக்கிறேன்."

பழுதில்லை, முள்கம்பி;
கிழித்து, உயிரோடிருக்கையிலேயே ஆறியது.
தெரியும் அவளுக்கு. சொல்லவில்லை.
பத்து டாலர் பத்து டாலர்தான்.

காரில், சிவப்பு விளக்குதோறும்
இடது முஷ்டியால் குத்திக் குத்திப் பழக்குகிறாள்.
பக்கத்து லாரிக்காரன்
கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறான்.