ஒரே பீப்பாய்

போஸ்னான் நகரின் தெற்கு விளிம்பில்
தகரக் கூரைக்குக் கீழே
கார்கள் குளிக்கச் சரக்குக் காய்ச்சுகிறோம்.
பீப்பாய் ஒன்றுதான்.
அடியில் மூன்று குழாய்.

முதல் குழாயில் செர்ரிச் சிவப்பு சேரும்,
இரண்டாவதில் கடல் நீலம்
(பால்டிக் கடலை அந்த நிறத்தில்
நான் ஒருநாளும் கண்டதில்லை).
மூன்றாவதில் எதுவும் சேராது.
நிறமில்லை, மணமில்லை,
பெயர் வைக்கவும் எவருக்கும் தோன்றாமல்
ஷாம்பு என்று மட்டும் எழுதிய புட்டி.
கிடங்கின் மூலையில் தூசு படிந்து நிற்கிறது
தூசைக் கழுவும் சரக்கு.

நுரை அழுக்கை எடுப்பதில்லை.
வேதியியல் படித்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான்,
எனக்குத் தெரியும்.
ஆனாலும் நுரை வேண்டும்;
நுரைக்காவிட்டால் ஏமாந்ததாக நினைக்கிறார்கள்.
அளந்து உப்புப் போட்டால்
தண்ணீராய் ஓடியது தேனாய் இறங்கும்.
கெட்டியாக இருந்தால் வீரியமான சரக்காம்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
பீப்பாய் பீப்பாயாக உப்பிடுகிறேன்,
ஒருவரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

விற்பனைக்குப் பொறுப்பு யொவிதா.
மூடியின் சத்தத்துக்கே ஆறு வாரம் செலவழித்தாள்.
கண்ணை மூடிக்கொண்டு
திறந்து மூடி, திறந்து மூடி,
இருபத்திரண்டாவது மூடியில்
"இதுதான் பணக்கார டக்" என்றாள்.
பிறகு கறுப்புப் புட்டி, பொன் எழுத்து,
அதே பீப்பாய்,
எட்டு ஸ்லோட்டி கூடுதல்.
முதலில் தீர்ந்தது அதுதான்.

பிப்ரவரியில் மணச் சோதனை.
பதினெட்டுப் பேர் வந்தார்கள்.
ஆளுக்கு முப்பது ஸ்லோட்டி, ஒரு பொட்டலம் இஞ்சி ரொட்டி.
ஆறாவது நாற்காலியில் ஸெனோன்,
டிராம் ஓட்டுகிறவர், அகலமான கை.
அழகாக எழுதியிருந்தார்.
சிவப்புக்கு: செர்ரி, கொஞ்சம் பிள்ளைகளின் இருமல் மருந்து.
நீலத்துக்கு: மழை நின்ற தார்ச் சாலை.
மூன்றாவதற்கு: ஒன்றுமில்லை. இதில் அழுக்குப் போகாது.

கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்,
இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஒரு காய்ச்சல்,
அன்றிலிருந்து மூக்குக்கு எதுவும் எட்டுவதில்லையாம்.
காஸ் கசிந்தால் கத்த
சமையலறையில் ஒரு கருவி மாட்டியிருக்கிறாராம்.

அப்புறம் செர்ரி எப்படி?

"புட்டி சிவப்பாக இருந்ததே."

கூச்சமே இல்லை அவரிடம்.
முப்பதைத் திருப்பித் தர வேண்டுமா என்று மட்டும்
கதவருகில் நின்று கேட்டார்.
வேண்டாம் என்றேன்.

அவர் தாளைக் கிழித்திருக்க வேண்டும்.
கிழிக்குமுன் கணக்குப் போட்டேன்,
அவரோடு ஒருமுறை, அவர் இல்லாமல் ஒருமுறை.
புள்ளிக்குப் பின் இரண்டாவது இலக்கம்கூட
அசையவில்லை.
மற்ற பதினேழு மூக்குகளும்
அன்று என்ன வேலை பார்த்தன
என்று யோசித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது.

சனிக்கிழமை என் கார்,
சாலை உப்பு வெளுத்துக் கதவெல்லாம் சுண்ணாம்பு.
தொழிற்சாலையில் ஒரு கேன் சும்மாவே கிடைத்திருக்கும்.
ஏனோ கடைக்குப் போனேன்.
அடித்தட்டில் என்னுடையது, மூன்றாம் குழாய்,
பாதி விலை.
குனிந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.
கை மேல்தட்டுக்குப் போயிற்று.
போட்டிக் கம்பெனியின் பச்சை.
உள்ளே என்னவென்று தெரியும்,
எவ்வளவு உப்பு என்றுகூடத் தெரியும்.
மூடியைத் திறந்தேன். டக்.
ஆப்பிள்.

கழுவி முடித்துச் சக்கரத்தைப் பிடித்தபோதும்
விரலிடுக்கில் ஆப்பிள்.
கண்ணை மூடி முகர்ந்து பார்த்தேன்.
இருந்தது.
இருந்ததாகத்தான் பட்டது.
ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு கடந்தது.

திங்கட்கிழமை யொவிதாவிடம்
நமக்கொரு பச்சை வேண்டும் என்றேன்.
நாற்பத்தெட்டுப் பச்சைகள் கொண்ட அட்டையை
மேசையில் விரித்தபடி
அவள் கேட்டாள்:
"எந்தப் பச்சை?"