அடையாளம் தெரியாத பொருள்

பருத்தித்துறை வீதி, ஃபோன் கடைக்கு மேல் அறை.
இரவு இரண்டரை. யூபிஎஸ் கத்துகிறது.
கொழும்பில் ஏதோ ஓர் அமைச்சின் சேர்வருக்குள்
ஒரு மாதமாக நடக்கிறேன், செருப்பைக் கழற்றிவிட்டு.
கடவுச்சொல் யாரோ மகளின் பெயர், பின்னால் 123.

பறக்கும் தட்டுகளை ஒளித்திருப்பார்கள் என்றுதான் வந்தேன்.
கிடைத்ததெல்லாம் டயர் கொள்வனவு,
லீவு விண்ணப்பம்,
ஒரு மேஜரின் சீனி வருத்த ரிப்போர்ட்.

பிறகு அந்தக் கோப்பு.
2003 தை. வல்வெட்டித்துறைக் கடலோரம்.
வானில் ஒளிகள் மூன்று: சிவப்பு, பச்சை, சிவப்பு.
உயரம் தெரியாது. நாடு தெரியாது.
ஒலி: ஒரே சுதியில் ஓர் அழுகை.

எழும்பி நின்றுவிட்டேன்.
பச்சை பல்ப் கோயில் சோடனையில் களவெடுத்தது.
அழுதது விண்,
பட்டத்தின் தலையில்
மயூரதன் பார்சல் நார் இழுத்துக் கட்டினது.
நூல் என் கையில் இருந்தது.

கேர்சர் துடிக்கிறது.
‘இனங்காணப்பட்டது’ என்று அடித்தால் போதும்,
கோப்பு மூடிவிடும்.

சந்திக்குச் சந்தி அட்டை கேட்ட ஊரில்
அட்டை இல்லாமல் மேலே போய்
முழுசாய்த் திரும்பி வந்தது
அது ஒன்றுதான்.

ஒன்றும் அடிக்கவில்லை.
வந்த வழியே வெளியேறி, கதவைச் சாத்தி,
மயூரதனுக்கு எடுத்தேன்.
பிரான்சில் இப்போதுதான் வேலை முடிந்ததாம்.
ஆறு வருசம். அவனுக்கு
அட்டை இன்னும் வரவில்லை.