இடப்பக்கம் கொஞ்சம் ஏற்று

முதல் கலவையை அவன் அனுப்பிய நாளில்
புந்தா அரேனாஸில் காற்று மணிக்கு நூற்றுப்பத்து.
தெருமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி
வேலைக்குப் போனோம்.
நண்டு ஆலையில் ஓய்வு பன்னிரண்டு நிமிடம்.
கையுறை கழற்ற இரண்டு,
ஹெட்போன் மாட்ட ஒன்று,
மீதியில் லதிஸ்லாவோவின் பாட்டு, இரண்டு தடவை.

எழுதினேன்:
பேஸ் ஒரே சேறு. கிக் டிரம்மும் அதுவும்
ஒரு நாற்காலிக்கு அடித்துக்கொள்கின்றன,
யாரையாவது எழுப்பிவிடு.
ரிவெர்பைத் தூவச் சொன்னால் ஊற்றியிருக்கிறாய்.
உன் குரல் எங்கே?
விருந்துக்கு ஆள் அழைத்துவிட்டு
சமையலறைக்குள் நின்று பேசுகிறாய்,
வெளியே வா.

நல்லதை முதலில் சொல்ல வேண்டுமாம்.
நான் கடைசியில் சொன்னேன்:
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
நீ இழுக்கும் அந்த மூச்சு,
அதை மட்டும் தொடாதே.

பகலில் அவன் பங்கு டாக்சி ஓட்டுகிறவன்.
துறைமுகத்திலிருந்து மேட்டுக் குடியிருப்புவரை
நான்கு பயணிகள், ஒரே கட்டணம், ஒரே பாட்டு.
பின்சீட்டில் யாராவது ஜன்னல் பக்கம் திரும்பினால்
அன்றிரவு ஒரு டெசிபல் குறையும்.
செவிலி ஒருத்தி காலால் தாளம் போட்டாள் என்று
இரவு இரண்டு மணிக்குச் செய்தி வந்தது.
இரண்டு ஐந்துக்கு இன்னொன்று:
குளிரில் நடுங்கினாளோ?

இரண்டாவது கலவை. மூன்றாவது.
கிடார் வலப்பக்கம் சாய்கிறது என்றேன்,
இடப்பக்கம் கொஞ்சம் ஏற்று.
ஏற்றினான்.
இன்னும்.
ஏற்றினான்.
ஐந்தாவதில் சிம்பலையும் நகர்த்தச் சொன்னேன்.
ஆறாவதைக் கேட்டுவிட்டு,
சுவரில் படம் மாட்டுகிறவனுக்கு
எட்ட நின்று சொல்கிற தோரணையில்,
இப்போதுதான் நேராக நிற்கிறது என்றேன்.

மே மாதம் ஆலைக்குக் காது பார்க்கும் வண்டி வந்தது.
உள்ளே பஞ்சு ஒட்டிய பெட்டி, கையில் ஒரு பொத்தான்.
சத்தம் கேட்டால் அழுத்து.
வலக்காதுக்குத் தட்டச்சு போல அழுத்தினேன்.
இடக்காதுக்கு
இன்னும் தொடங்கவில்லை போலும் என்று
காத்திருந்தேன்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அந்தப் பெண்
தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

தாளில் ஒரு கோடு.
மூவாயிரம் ஹெர்ட்ஸ் வரை சமதரை,
அப்புறம் பாறைவிளிம்பு.
பதினொரு வருடமாக என் இடப்பக்கம்
நிற்கிறது கம்ப்ரெஸர்.
இசை பிடிக்குமா என்று கேட்டாள், ஆறுதலாக.
யோசனை சொல்வேன் என்றேன்.

அன்றிரவு ஹெட்போனை
இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு
ஆறாவதைக் கேட்டேன்.
கிடார் கத்தியது. சிம்பல் தகரம் கிழித்தது.
ஒரு முழு பேண்டையே
நாற்காலி, மேசையோடு
என் கேட்காத பக்கத்துக்கு இழுத்து வைத்திருந்தான்,
ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல்.
செவிடன் காதில் ஊதிய சங்கு, தெரியும்.
ஊதுகிறவனுக்கு அந்தச் செவிடே
திருத்தம் சொன்னால் அதற்கு என்ன பெயர்?

மூன்று முறை எழுதி அழித்தேன்.
கடைசியில் பரிசோதனைத் தாளைப் படம் பிடித்து
அப்படியே அனுப்பினேன்.

குரல் செய்தி வந்தது, பின்னணியில் வைப்பர்:
தெரியும்.
டாக்சியில் இடது ஸ்பீக்கரை ஒட்டி
உட்கார்ந்திருக்கிறவன் நான்தானே.
நாலாவதிலிருந்தே காது வலித்தது.
நீ சரி என்றாய்.
எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

அதை நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

ஏழாவது நேற்று வந்தது.
நேராக ஒரு முறை, மாற்றிப் போட்டு ஒரு முறை.
எழுதினேன்:
மூவாயிரத்துக்கு மேலே என்னை நம்பாதே,
அந்தச் செவிலியைக் கேள்.
மூச்சு அதன் இடத்தில் இருக்கிறது.
குரல் வாசல்வரை வந்துவிட்டது, இன்னும் ஓரடி.
கீழே மட்டும் எனக்கு இரண்டு காதும் உண்டு,
சத்தியமாகச் சொல்கிறேன்:
கிக்கும் பேஸும்
இன்னும் அதே நாற்காலியில்தான்.