சாவடிக் கணக்கன் சொன்னது

முதல் வேட்டு யாருடையது என்று கேட்கிறீர்கள்.
துபாஷி அதைத் தமிழில் சொல்லும்போது
அவர் குரல் கொஞ்சம் தாழ்கிறது.

வேட்டு கடைசி வரி, துரை.
ஏட்டில் அதற்கு முன்னால் எத்தனையோ வரி,
இரண்டு அர்த்தத்திலும்.

பதினோரு வருஷம் தேவிபட்டினம் சாவடியில்
எழுத்தாணி பிடித்தவன் நான்.
உங்கள் ஆள் கொண்டுவந்த முழக்கோல்
எங்கள் முழத்தைவிட இரண்டு விரற்கடை நீளம்.
இரண்டு விரல்தானே என்றார்.
சேணியத் தெரு அணைஞ்சான் நெய்து நெய்து
அந்த இரண்டு விரலுக்குள்ளேயே கடனாளியானான்.
தறிக்கட்டையை அடுப்பில் வைத்த நாளை
நான் எழுதவில்லை. அதற்குத் தலைப்பு கிடையாது.

பிறகு சங்கு.
குளித்தெடுத்ததெல்லாம் கும்பினிக்கே என்று
கடுதாசி வந்தது.
மீராக்கண்ணு மரைக்காயர்
சங்கு விற்ற காசில் நெல் ஏற்றி வந்த தோணி
பாம்பன் வாயில் நாற்பது நாள் நின்றது.
கடல் நீர் கசிந்து, மேல்மழை ஒருநாள் நனைத்து,
நெல் முளைத்துவிட்டது.
கரையில் பஞ்சம்.
தோணியில் நாற்றங்கால்.

அரண்மனை சும்மா இருக்குமா?
உங்கள் பொதிக்குச் சுங்கம் ஒன்றரை மடங்கு என்று
ஓலை வந்தது.
இரண்டு மடங்கு வாங்கினேன்.
அந்த அரை, அணைஞ்சானுக்காக என்று சொல்ல ஆசைதான்.
இல்லை. என் மகள் கல்யாணம்.
அதற்கடுத்த மாசம்தான்
சாவடிக்குச் சிப்பாய்கள் வந்தார்கள்.

இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

துபாஷி ஏன் நிறுத்திவிட்டார்?
மை இருக்கிறதே.
முழக்கோலை யார் கொண்டுவந்தது என்று
நான் இன்னும் பெயர் சொல்லவில்லையே.