கழிவு

நாலு பிஸ்டன்களில்
இலேசானதுதான் சட்டம்.
கூட்ட முடியாது,
குறைக்கத்தான் முடியும்.
முந்நூற்றுப் பத்து தசம் ஒன்பது:
மற்ற மூன்றும் அங்கே இறங்கி வரவேண்டும்,
பின் துளைக்குக் கீழே, உள்பக்கம்,
யாரும் பார்க்காத இடத்தில் சுரண்டி.

டிக்கோயா பாதையில் என் கராஜ்.
தகரத்தின் மேல் பங்குனி இடிமழை.
சித்திரையில் நுவரெலியாவில் மலையேற்றப் பந்தயம்.
ருமேஷ் மாத்தையா
இஞ்சினைக் கழற்றி மூன்று மீன்பெட்டிகளில் கொண்டுவந்து வைத்து
“எட்டாயிரம் சுத்தணும்” என்றார்,
போய்விட்டார்.

கிராங்கைப் போர்வையில் சுற்றி
ஃப்ளைவீலோடும் கிளச் மூடியோடும்
பேலியகொடைக்கு பஸ்ஸில் அனுப்பினேன்.
அதற்கும் ஒரு சீட்டுக்குக் காசு வாங்கினான் கண்டக்டர்.
திரும்பி வந்தபோது
பாரக்கட்டைகளில் புதிதாக ஐந்து துளைகள்,
எது எதோடு பூட்ட வேண்டும் என்று
மஞ்சள் கோடு.

மிச்சம் என் வேலை.
நகைக்கடை ஜெயகரனிடம் தராசு இரவல்:
“பொன் மட்டுந்தான் ஏறியிருக்கு அதுல,
கிரீஸ் பட்டுச்சு, கொன்னுருவேன்.”

கொன்ராட்டை ஒரே தரமாய் நிறுக்கக்கூடாது.
சின்னத் தலை நூலில் தொங்க
பெரிய தலை தட்டில்.
பிறகு மாற்றி.
மொத்தம் சரியாயிருந்தும்
தலைகள் சரியில்லை என்றால் ஆடும்.

பதினொரு மணிக்கு அமலோற்பவம் வந்தாள்,
சோற்றுப்பெட்டியோடு, தலையில் றெட்டு மடித்துப் போட்டு.
“எவ்வளவு வித்தியாசம்?”
“அரைக் கிராம்.”
சிரித்தாள். புரையேறும்வரை சிரித்தாள்.
“எங்களுக்கு நாளைக்கு மூணு கிலோ கழிக்கிறான்,
தண்ணிக்கு ஒண்ணு, சாக்குக்கு ரெண்டு.
நீ அரைக் கிராமுக்குப் பட்டினி கெடக்குற.”

சொன்னேன்:
கிராங்கில் ஒரு பக்கம் பத்துக் கிராம் கூடினால்
எட்டாயிரம் சுற்றில் அது
இருபத்தெட்டுக் கிலோவாய் இழுக்கும்,
செக்கனுக்கு நூற்றுமுப்பது தரம்.
சிரிப்பு நின்றது.
இருபத்தெட்டுக் கிலோ
அவளுக்குத் தெரியும்,
நெற்றியில் கயிறு வைத்துத் தெரியும்.

“தராசைச் சோதிச்சியா?”
பதிலுக்குக் காத்திராமல்
நான் முடித்துவைத்த பிஸ்டனை எடுத்துத் தட்டில் வைத்தாள்.
முந்நூற்றுப் பத்து தசம் ஒன்பது.
எடுத்தாள். மறுபடி வைத்தாள்.
முந்நூற்றுப் பத்து தசம் இரண்டு.
இன்னொரு தரம்:
முந்நூற்றுப் பதினொன்று.

கதவுக்கடியில் காற்று.
பின்னேரத்திலிருந்து ஒரு மெல்லிய விரல் போல
தட்டைத் தொட்டுத் தொட்டு விளையாடியிருக்கிறது.

மூலையில் கிடந்த சாக்கை மடித்து
கதவடியில் செருகினாள்.
செருகுமுன் கையில் ஏந்தி
ஒரு கணம் நின்றாள்; அப்போது எனக்கு விளங்கவில்லை.

எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுத்தோம்.
இரண்டாவதை அதற்குள் அதிகம் சுரண்டியிருந்தேன்.
இப்போது அதுதான் இலேசு.
சட்டம் மாறியது.
சோறு ஆறியது.
விடியும்போது என் மூக்கில் அலுமினியத் தூள்.

பந்தயத்தில் மூன்றாம் வளைவில்
கியர்பாக்ஸ் உடைந்தது.
மாத்தையா என்னோடு பேசவில்லை.
ஆனால் அதற்கு முதல் நாள்
இஞ்சின் ஓட ஓட அதன் மூடிமேல்
ஒரு பிளேன்டீ கிளாஸ் வைத்தேன்.
ஓரம்வரை நிறைந்த கிளாஸ்.
துளி சிந்தவில்லை. இதை
யாரிடம் போய்ச் சொல்ல.

திங்கட்கிழமை கொழுந்து மடுவத்தில்
அவள் முறை வந்தது.
இருபத்தொரு கிலோ, கழிவு போக பதினெட்டு,
கணக்கப்பிள்ளையின் பேனை இறங்கும் முன்னே சொன்னாள்:
“கொழுந்தைக் கொட்டிட்டு
வெறுஞ்சாக்கை வைங்க.”

“பைத்தியமா?”

“வைங்க.”

வரிசை குலைந்தது.
பின்னால் நின்ற பெண்கள் கூடையோடு முன்னால் வந்து
முள்ளைப் பார்த்தார்கள்.
இருநூற்றைம்பது கிராம்.

அன்றைக்குக் காற்றே இல்லை.