கந்தை

ஸீலாந்துக் கடற்கரையில் ஆளி நார் அடிக்கப் போன
பெல்ஜியக்காரன் நான். கத்தோலிக்கன்.
அந்த ஊரில் அது ஒரு நோயின் பெயர் மாதிரி.
குடிசையை வாடகைக்கு விட்ட லேவினுஸ்,
சீர்திருத்தச் சபையின் மூப்பர்,
காசு வாங்கும்போதெல்லாம்
என் கழுத்துச் சிலுவையைத் தவிர்த்து
கூரையைப் பார்ப்பார்.

ஒரு நாள் கேட்டேவிட்டார்:
"மெழுகுவர்த்திக்கு எவ்வளவு செலவழிக்கிறாய்?"
சொன்னேன்.
"அத்தனையும் புகை.
நம்முடைய நன்மையெல்லாம் கந்தை, தம்பி.
அதை ஒட்டுப்போட்டு உடுத்திக்கொண்டு
ராஜாவின் விருந்துக்குப் போக முடியாது.
உடுப்பு அவர் தருவது."

"அப்படியானால்
விதவை யகோமினாவின் வேலியை
ஏன் கூலி வாங்காமல் கட்டினீர்கள்?"

மூப்பரின் காது சிவந்தது.
"வேலி விழுந்து கிடந்தது," என்றார்.
அதற்குமேல் பேச்சில்லை.

பிப்ரவரி. வடமேற்குக் காற்று.
இரவு இரண்டு மணிக்கு அணை ஒரு பெருமூச்சு விட்டது.
உடைந்த சத்தம் என்று பிறகுதான் தெரிந்தது.
தொழுவத்தில் மாடுகள் கத்தின,
பிறகு கத்தவில்லை.
கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து
புகைபோக்கியைக் கட்டிப்பிடித்திருந்தேன்.
ஜெபமாலையில் எந்த மணியில் நிற்கிறேன் என்று
விறைத்த விரலுக்குத் தெரியவில்லை.

விடியும்முன் ஒரு லாந்தர் வந்தது.
தார் பூசிய சிப்பிப் படகு. துடுப்பில் மூப்பர்.
உடம்பில் திருவிருந்துக்கு மட்டும் போடும் கறுப்புக் கோட்டு;
இருட்டில் கைக்கு அகப்பட்டது அதுதான் போல.

"குதி."
"பிடிப்பீர்களா?"
"குதி என்றேன்."

குதித்தேன்.
அதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பதா,
உயிர்ப்பயம் என்று வைப்பதா,
இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

படகில் யகோமினா, ஒரு பன்றி வியாபாரி,
யாருடையது என்று தெரியாத இரண்டு பிள்ளைகள்.
முங்கிக் கிடந்த வேலிக்கம்பம் ஒன்று
அடிப்பலகையைக் கிழித்தது.
(அவர் கட்டிய வேலிதானோ என்னவோ.)
கணுக்கால் வரை தண்ணீர்.

மூப்பர் கோட்டைக் கழற்றினார்.
தையலைப் பல்லால் கடித்து, ஒரு கையை இழுத்துக் கிழித்தார்.
பையிலிருந்து பிரசங்க நேரத்து மிட்டாய்கள்,
வெள்ளை வெள்ளையாய், தண்ணீரில் உருண்டன.
பிள்ளைகள் பொறுக்கித் தின்றன.
துணியைச் சுருட்டி இடுக்கில் வைத்து
கத்திப்பிடியால் அடித்து அடித்துச் சொருகினார்.
தண்ணீர் நின்றது. முழுக்க இல்லை.
மிச்சத்தை யகோமினா மரச்செருப்பால் இறைத்தாள்.

பல் தந்தியடிக்கிற குளிரிலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.
"மூப்பரே, நம்மைக் காப்பாற்றியது கந்தை."

துடுப்பு நிற்கவில்லை.
"காப்பாற்றுவது படகு. கந்தை மிதக்காது.
சந்தேகமிருந்தால் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு
குதித்துப் பார்."

"வாயை மூடிக்கொண்டு இறையுங்கள்
இரண்டு பேரும்," என்றாள் யகோமினா.

பள்ளிக்கூட மாடியில் ஒன்பது நாள்.
ஈரக் கம்பளி நாற்றம், உருளைக்கிழங்குச் சூப்,
சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு மூப்பர்.
அன்று அவர் இழுத்துப்போட்டவர்கள் பதினேழு பேர் என்று
ஊர் எண்ணிச் சொன்னது.
யாராவது கையைப் பிடிக்க வந்தால்
கையைப் பின்னால் வைத்துக்கொள்வார்.
அடக்கம் என்று நினைத்தேன்.

மூன்றாம் இரவு, தூங்காத குரலில்:
"தெற்கே இன்னொரு கூரை இருந்தது.
விளக்கை ஆட்டினார்கள்.
உன் குடிசை பக்கம் என்று முதலில் இங்கே வந்தேன்.
திரும்பிப் போனபோது
கூரை இல்லை."

பதினேழையும் தராசில் வைத்து
அவர் பார்த்திருக்க வேண்டும்.
மறுதட்டு அசையவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.
சட்டை மடிப்பில் ஒளித்திருந்த மெழுகுவர்த்தித் துண்டை
ஜன்னல் விளிம்பில் ஏற்றி வைத்தேன்.
விலை கேட்பார் என்று காத்திருந்தேன்.
வெகுநேரம் அந்தச் சுடரையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்:

"ஒன்றுதானா இருக்கிறது?
அந்த வீட்டில் நாலு பேர்."