கடைசி எட்டு நிமிடம்

செவ்வாய் இரவு எட்டரைக்கு
மியர்பேங்க்கில் ஒரு பிரபு செத்துப்போவார்.
வாரத்துக்கு ஒரு பிரபு.
அதே நூலகம், அதே கம்பளம்.
பழைய தொடர், நிறமெல்லாம்
இரண்டாம் தரம் கொதித்த தேயிலைத் தண்ணீர்.

சளி பிடித்த அந்த இன்ஸ்பெக்டர்
வாயைத் திறப்பதற்கு முன்
மேசையில் உள்ள கோப்பைகளை எண்ணுவார்.
மூன்று பேர்தான் இருந்தோம் என்பார்கள்,
கோப்பை நான்கு இருக்கும்.
"ஆளைப் பிடிச்சாச்சு" என்று
பூபாலன் தொடையில் தட்டுவார்.
பிடித்ததே இல்லை.
கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில்
அவர் கைகாட்டிய ஒருவர்கூடக் கொலைகாரர் இல்லை.
எப்போதும் தோட்டக்காரன் மேல்தான் சந்தேகம்.
எனக்கோ தோட்டக்காரன் பக்கம்தான் மனசு.
கரும்புக்கு வந்தவர்களின் பேத்தி நான்.
மண் ஒட்டிய கைக்குத்தான்
முதலில் விலங்கு தேடுவார்கள், தெரியும்.

இன்றைக்கு எல்லோரையும் கூடத்துக்கு அழைத்துவிட்டார்.
விதவை, மருமகன், டாக்டர், பியானோ டீச்சர்,
கதவோரம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு தோட்டக்காரன்.
மூக்கைத் துடைத்தார்.
கைக்குட்டையை நாலாக மடித்தார்.
"உங்களில் ஒருவர்"

டப்.

நான்காம் கட்ட மின்வெட்டு.
தெரு முழுக்க ஒரே "ஐயோ".
ரெட்டி வீட்டில் மட்டும் இன்வெர்ட்டர்.
சுவர் வழியே இன்ஸ்பெக்டரின் குரல் வருகிறது,
சொல் வரவில்லை.
யாரோ அழுகிறார்கள். விதவையாக இருக்கலாம்.
ரெட்டியின் மனைவிக்கும் அப்படித்தான் அழுகை வரும்.

பூபாலன் மெழுகுவர்த்தி தேடுகிறார்.
எந்த இழுப்பறை என்று நான் சொல்லவில்லை.
இருட்டு கொஞ்சம் தேவையாக இருக்கிறது.
பதினேழு நாளாக நானும் ஒரு வழக்கு நடத்துகிறேன்.

சோற்று டப்பா கழுவி வருகிறது.
தட்டைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர்.
சட்டையில் தின்னர் நெடி இல்லை.
பேண்ட் மடிப்பில் மணல்,
இசிபிங்கோ கரையின் பருத்த மணல்.
ஒருநாள் வாஷிங் மெஷின் அடியில்
காசு மாதிரி மின்னிய மீன் செதில்.
இதெல்லாம் பரவாயில்லை,
வேறு காரணம் சொல்லிவிடலாம்.
நகம்தான்.
பெயிண்ட் ஃபேக்டரியின் நீலம்
எந்தச் சோப்புக்கும் போகாமல்
தாலி கட்டும்போதும் அந்த விரல்களில் இருந்தது.
போன வெள்ளிக்கிழமை விபூதி பூசும்போது பார்த்தேன்,
பத்து நகமும் வெளுத்துக் கிடந்தன,
யாரோ வேறு ஒருவருடையவை போல.

மெழுகுவர்த்தி கிடைத்துவிட்டது.
கூடத்தில் நாங்கள் இருவர்,
காலண்டரில் முருகன்,
சட்டத்துக்குள் பெர்த்தில் இருக்கும் மகள்.
எல்லோரையும் அழைத்தாயிற்று.
"உங்களில் ஒருவர்" என்று
தொடங்கினால் போதும்.

"இந்த வாட்டி தோட்டக்காரன் இல்ல" என்கிறார் அவர்.
"ஏனாம்?"
திரியைக் கிள்ளிவிட்டுச் சொல்கிறார்:
"அவன் கொல்லல. வேலை போனத
வீட்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியாம
எதையோ சொல்லி வச்சான். அதான்
முழிக்கிறான்."

தோட்டக்காரனுக்கு வேலை போனதாக
கதையில் எங்கேயும் வரவில்லை.
நான் முழுதாகப் பார்த்தேன்.

"டீ போடவா?" என்கிறேன்.
கேஸ் அடுப்பின் நீலத்தில்
இரண்டு கோப்பை வைக்கிறேன், எண்ணி.
ரெட்டி வீட்டில் முடிவு இசை ஓடுகிறது.

பத்தரைக்கு விளக்கு வந்தபோது
டர்பனுக்குத் தென்மேற்குக் காற்று,
அலை இரண்டு மீட்டர் என்று
ஒரு பெண் சிரித்தபடி சொன்னாள்.
வழக்கத்தைவிடக் கவனமாகக் கேட்டார்.
நானும்தான்.

காலையில் டப்பாவோடு
நியூஸ்பேப்பரில் சுற்றிய சின்னப் பொட்டலம் வைத்தேன்.
தூண்டிலுக்கு நறுக்கிய சாளைத் துண்டு.
வாசலில் நின்று பிரித்துப் பார்த்தார்.
மறுபடி மடித்தார், அதே மடிப்பில், ரொம்ப நேரம்.
பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு
"கொன்னது யாருன்னு ரெட்டிகிட்ட கேட்டு வை" என்றார்.

இன்னும் கேட்கவில்லை.